சுருட்டில் காட்டம் வேறு, சுவை வேறு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுருட்டுக் கடைக்குள் முதல்முறை நுழைகிறவர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "லைட்டா ஏதாவது கொடுங்க." நானும் அப்படித்தான் கேட்டேன். சிங்கப்பூரில் ஒரு கடை. கடைக்காரர் பால் தாராளமாக விட்ட காப்பி நிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார். நிறத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். அன்று மதியம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. பாதிச் சுருட்டு எரிவதற்குள் உள்ளங்கை சில்லிட்டு வேர்த்தது, வாயில் எச்சில் ஊறியது, எழுந்து நிற்க முடியவில்லை. கூட இருந்த நண்பர் சர்க்கரை நிறையப் போட்ட டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வெளிர் இலைக்குள் சுற்றியிருந்தது நிகராகுவாவின் எஸ்தெலிப் பக்கத்து இலை, அதிலும் செடியின் உச்சியில் பறித்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நிறத்தைப் பார்த்துக் காட்டத்தைச் சொல்ல முடியாது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும். காட்டம் ஓரிடத்திலிருந்து வருகிறது, சுவை வேறு பல இடங்களிலிருந்து வருகிறது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் இதைப் படியுங்கள்

இது ஏற்கெனவே புகைப்பவர்களுக்காக, வயது வந்தவர்களுக்காக எழுதியது. இதுவரை புகையிலையைத் தொடாதவர் என்றால் தொடவே வேண்டாம் என்பதுதான் நான் மனதாரச் சொல்வது. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாவற்றிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு முழு சிகரெட் பாக்கெட்டில் உள்ள அளவுக்குப் புகையிலை இருக்கலாம். சுருட்டுப் புகையின் காரத்தன்மையால் நிகோடின் வாயின் உள் தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டுக்குள் பற்ற வைக்காதீர்கள். இந்தியாவில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது.

காட்டம், கனம், சுவை

நம் ஊரில் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் "இது ரொம்பக் காட்டம்" என்பார்கள். தலைக்கு ஏறுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள், அதாவது நிகோடினை. சுருட்டுக்கும் அந்தச் சொல்லே சரியாகப் பொருந்துகிறது.

கனம் என்று நான் சொல்வது, புகை வாய்க்குள் எவ்வளவு அடர்த்தியாக நிற்கிறது என்பதை. மோர் குடிப்பதற்கும் தயிர் குடிப்பதற்கும் நாக்கில் ஒரு வித்தியாசம் தெரியுமே, அது மாதிரி. சுவை என்பது அதற்கும் அப்பால்: வறுத்த வேர்க்கடலையா, காய்ந்த வைக்கோலா, காப்பிக்கொட்டை வறுக்கும் வாசமா, மழை பெய்த மண்ணா, புதுத் தோல் செருப்பா, கருப்பட்டியா.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது மிளகில். சில சுருட்டுகளின் முதல் நாலைந்து இழுப்பிலேயே நாக்கும் மூக்கும் சுரீரென்று எரியும். உடனே இது காட்டமான சுருட்டு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த எரிச்சல் சுவையைச் சேர்ந்தது. காட்டம் நாக்கில் தெரியாது, மெதுவாகத்தான் வரும். பதினைந்து இருபது நிமிஷம் கழித்து வயிற்றிலும் காலிலும் தெரியும். நாக்கில் ஒன்றுமே உறைக்காமல் ஆளைக் கவிழ்க்கிற சுருட்டும் உண்டு, சுரீரென்று தொடங்கிக் கடைசிவரை சாதுவாக எரிகிற சுருட்டும் உண்டு.

காட்டம் செடியில் எங்கே இருக்கிறது

கையால் சுற்றிய சுருட்டில் மூன்று பகுதி. நடுவில் நீளவாக்கில் மடித்து வைத்த உள் இலைகள், அவற்றைப் பிடித்து வைக்கும் கட்டு இலை, வெளியே தெரியும் மேல் இலை. காட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள் இலை. கண்ணுக்குத் தெரியாத பகுதி அதுதான், அதனால்தான் நிறம் ஏமாற்றுகிறது.

சுருட்டுக்கான புகையிலைச் செடியைப் பெரும்பாலும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. கீழிருந்து மேலாக, சில நாள் இடைவெளி விட்டு, இரண்டு மூன்று இலையாகக் கையால் பறிப்பார்கள். அடியில் இருக்கும் இலை மெல்லியது, வெயில் குறைவாகப் பட்டது. கியூபாவில் இதற்கு வொலாடோ என்று பெயர். நன்றாக எரியும், காட்டம் மிகக் குறைவு. நடுவில் இருப்பது செக்கோ, மணத்துக்கு இதைத்தான் நம்புவார்கள். மேலே இருப்பது லிஹேரோ. வெயில் முழுக்க அதன் மேல்தான் விழும், செடியும் தன் சத்தையெல்லாம் அங்கேதான் அனுப்பும். தடித்து, பிசுபிசுப்பாக, கருத்து இருக்கும். நிகோடின் அதிகம், மெதுவாக எரியும். அதனால் சுருட்டுச் சுற்றுபவர் அதைச் சரியாக நடுவில் வைத்து மற்ற இலைகளால் மூடுவார். சாம்பலைத் தட்டியதும் கங்கு நடுவில் கூம்பாகத் துருத்திக்கொண்டிருந்தால் உள்ளே லிஹேரோ இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆக, கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உள்ளே லிஹேரோ எவ்வளவு இருக்கிறது?" விஷயம் தெரிந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்வார். தெரியாதவர் நிறத்தைக் காட்டுவார். அந்தக் கடையில் முதல் சுருட்டு வாங்காதீர்கள்.

மேல் இலையும் அதன் நிறமும்

நிறத்துக்கு ஸ்பானிய மொழியில் வரிசையாகப் பெயர்கள் உண்டு. வெளிர் பழுப்பு கிளாரோ, செம்பழுப்பு கொலொராடோ, கருப்பட்டி நிறம் மதூரோ, ஏறக்குறைய கறுப்பே ஆனது ஒஸ்கூரோ. பச்சையாகவே இருக்கும் கண்டேலாவும் உண்டு. இலை பச்சையாக இருக்கும்போதே சூடேற்றிச் சீக்கிரம் உலர்த்திவிடுவதால் அதன் பச்சை போகாமல் தங்கிவிடுகிறது. புல் வாசம் அடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

பறித்த இலையை மரக் கொட்டகையில் கோலில் கோத்து ஏழெட்டு வாரம் தொங்கவிடுவார்கள். அப்புறம் ஈரம் காட்டிப் பெரிய அம்பாரமாக அடுக்கிப் பாடம் போடுவார்கள், அதாவது புளிக்க வைப்பார்கள். அடுக்கின் உள்ளே தானாகவே சூடு ஏறும். அளவு மீறினால் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே, வெளியே இருந்ததை உள்ளே என மாற்றி அடுக்குவார்கள். அந்தச் சூட்டில்தான் அமோனியா நெடி வெளியேறுகிறது, கரகரப்பு அடங்குகிறது. மதூரோ இலையை இதிலேயே அதிக நாள், அதிகச் சூட்டில் வைத்திருப்பார்கள். கறுப்பு அப்படித்தான் வருகிறது. கூடவே ஓர் இனிப்பும் சாக்லேட், காப்பி வாசமும் வந்துவிடும். கறுப்பாக இருக்கிறதே என்று பயந்து ஒதுக்கும் மதூரோக்களில் பல, நாக்குக்கு மிகவும் இதமானவை. உள் இலை சாதுவாக இருந்தால் கறுப்புச் சுருட்டும் சாதுதான்.

பெயர் சொல்லிக் கேட்கத் தெரிந்துகொள்ள வேண்டிய மேல் இலைகள் சில. கனெக்டிகட் ஷேட்: அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900 முதல் துணிப் பந்தலுக்குக் கீழே வளர்ப்பது. பட்டு மாதிரி மெல்லியது, வெண்ணெய் வாசம், வைக்கோல் வாசம். இதே விதையை எக்வடோரிலும் போடுகிறார்கள். அங்கே எப்போதும் மேகம் மூடியிருப்பதால் பந்தலே தேவைப்படுவதில்லை. கனெக்டிகட் பிராட்லீஃப் அதே ஊர் என்றாலும் வெயிலில் வளர்ந்த முரட்டு இலை, மதூரோவுக்கு ஆகிவந்தது. மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் இலையும் அப்படியே, அதில் மண்வாசனை தூக்கல். கேமரூன் இலையைத் தடவினால் மணல் தாள் மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் கையில் படும். லேசான மசாலா இனிப்பு. கொரோஹோ என்பது கியூபாவின் சான் லூயிஸ் பக்கத்தில் எல் கொரோஹோ என்ற தோட்டத்தில் உருவான வகை. மிளகு வேண்டும் என்றால் இதைக் கேளுங்கள்.

வெனிலா, பழம் என்று வாசனை ஏற்றிய சுருட்டுகளும் கடையில் இருக்கும். இலையின் சுவையைத் தெரிந்துகொள்ள அவை உதவாது.

நாட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. டொமினிக்கன் குடியரசின் சிபாவோ பள்ளத்தாக்குச் சுருட்டுகள் பொதுவாகச் சாது. நிகராகுவாவில் எஸ்தெலி இலை கறுத்தது, காட்டமானது. அதே நாட்டின் ஹலாபா இலையில் இனிப்பு கூடுதல். ஹோண்டுராஸ் இவற்றுக்கு இடையில் ஓரிடம். கியூபாவில் பினார் தெல் ரியோ மாகாணத்தின் வுவெல்டா அபாஹோதான் தலைநிலம்.

கியூபாவை மட்டும் ஒரே நாடு, ஒரே காட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பிராண்ட் பெயருக்கும் ஒரு கலவை உண்டு. ஹோயோ தெ மொந்தெரேய் சாது. ஹெச். உப்மன் அதற்கு அடுத்த படி. ரோமியோ இ ஹுலியெத்தா நடுத்தரம். மொந்தெக்ரிஸ்தோவும் கொஹிபாவும் அதற்கு மேல். பர்த்தகாஸும் பொலிவாரும் முழுக் காட்டம். 1960இல் கியூபா அரசு சுருட்டுத் தொழிலைக் கையில் எடுத்தது. 1962இல் அமெரிக்கத் தடை வந்தது. தொழிலை இழந்த குடும்பங்கள் அண்டை நாடுகளுக்குப் போய் அங்கே தொடங்கின. இன்று அந்த நாடுகளில் நல்ல சுருட்டு கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கியூபா என்ற பெயருக்காக மட்டும் இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. போலிகளும் அந்தப் பெயரில்தான் அதிகம். மூடியில் கண்ணாடி பதித்த கொஹிபாப் பெட்டி என்று யாராவது நீட்டினால் அது போலி.

நம் சுருட்டு

ஆங்கிலத்தில் செரூட் என்ற சொல்லே நம் 'சுருட்டு'தான், பிரெஞ்சு வழியாகப் போனது. திருச்சி உறையூரும் திண்டுக்கல்லும் ஒரு காலத்தில் கப்பலேற்றிய சரக்கு இது. கோதாவரி ஆற்றுத் திட்டுகளில் விளையும் லங்கா இலைக்கும் சுருட்டுத் தொழிலில் பெயர் உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர்கள் தென்னிலங்கை ஊர்களில் வைத்திருந்த சுருட்டுக் கடைகளைப் பற்றி அங்கே உள்ளவர்கள் இன்னும் பேசுவார்கள். செரூட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும், வெட்ட வேண்டியதில்லை. விலையும் மலிவு. மலிவாக இருக்கிறதே, இதில் பழகலாம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். நான் பிடித்த நாட்டுச் சுருட்டுகள் எல்லாமே நல்ல காட்டம். பழக அது இடமில்லை.

எந்த அளவு

சுருட்டின் தடிமனை அங்குலத்தை 64 பங்காகப் போட்டு எண்ணுவார்கள். 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர். 42 என்றால் 17க்குச் சற்றுக் குறைவு. பெட்டிட் கொரோனா என்பது 42 தடிமன், 129 மி.மீ நீளம். ரொபுஸ்டோ 50 தடிமன், 124 மி.மீ. சர்ச்சில் 47 தடிமன், 178 மி.மீ. மெல்லிய சுருட்டில் உள் இலைக்கு இடம் குறைவு, அதனால் மேல் இலையின் சுவை தூக்கலாகத் தெரியும். ஆனால் அவசரப்பட்டு இழுத்தால் சூடாகிக் கசந்துவிடும். தடித்தது குளிர்ச்சியாக எரியும்.

சின்னது என்றால் காட்டம் குறைவு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நேரம்தான் குறைவு. ஆனாலும் புதியவருக்கு அந்த நேரம் முக்கியம். சர்ச்சில் ஒன்றரை மணி நேரம் எரியும். முதலில் பெட்டிட் கொரோனா, பழகிய பிறகு ரொபுஸ்டோ.

வாங்க வேண்டிய முதல் நான்கு

பெட்டிட் கொரோனாவில் பழகிய பிறகு, ஒப்பிட்டுப் பார்க்க இந்த நான்கையும் வாங்குங்கள். முதல் இரண்டு காட்டத்துக்காக. ஹோயோ தெ மொந்தெரேய் எபிக்கூர் 2 ஒன்று, பர்த்தகாஸ் டி 4 ஒன்று. இரண்டுமே கியூபா, இரண்டுமே ரொபுஸ்டோ, ஒரே நீளம், ஒரே தடிமன். மாறுவது உள்ளே இருக்கும் கலவை. ஒரு வாரம் விட்டு, அதே நேரத்தில், அதே மாதிரி சாப்பிட்டுவிட்டு இரண்டாவதைப் பற்ற வையுங்கள். ஹோயோவை முதலில். பர்த்தகாஸைப் பாதியில் வைத்துவிட்டாலும் பரவாயில்லை. காட்டம் என்றால் என்ன என்று உடம்புக்கு ஒரு முறை தெரிந்துவிட்டால் அப்புறம் மறக்காது.

அடுத்த இரண்டு சுவைக்காக. நிகராகுவாவின் பத்ரோன் சுருட்டுகளை ஒரே அளவில் இயல்பு நிறத்திலும் மதூரோவிலும் விற்கிறார்கள். இரண்டையும் வாங்குங்கள். இவை ஹோயோவை விடக் காட்டமானவை, ஆகவே கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் இலையை மாற்றினால் மட்டும் நாக்கில் என்ன நடக்கிறது என்று இதில் பளிச்சென்று தெரியும். எனக்கு இயல்பு நிறத்தில் வறுத்த கடலையும் மிளகும் முன்னால் நின்றன. மதூரோவில் கருப்பட்டிக் காப்பி வந்தது.

விலை ஏறுகிறது என்றால் கனெக்டிகட் ஷேட் மேல் இலையும் டொமினிக்கன் உள் இலையும் உள்ள ஏதாவது ஒன்றில் தொடங்குங்கள். மக்கனூடோ கஃபே அந்த வகையில் எங்கும் கிடைப்பது, நிஜமாகவே சாது.

கையில் எடுத்துப் பாருங்கள்

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெல்ல அழுத்திக்கொண்டே நுனியிலிருந்து அடிவரை வாருங்கள். லேசாக அமுங்கித் திரும்ப வேண்டும். நொறுங்கும் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. ஓரிடம் மட்டும் கல்லாக இருந்தால் அங்கே புகை அடைக்கும். குண்டூசி குத்திய மாதிரி ஓட்டை இருந்தால் வண்டு இருக்கிறது, அந்தப் பெட்டியிலிருந்து வேறொன்றும் எடுக்காதீர்கள். பற்ற வைக்கப்போகும் முனையை முகர்ந்து பாருங்கள். அமோனியா நெடி வந்தால் இலை இன்னும் அடங்கவில்லை.

வயிறு நிறைய இருக்கும்போது மட்டும் பற்ற வையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். தலையில், அதாவது வாயில் வைக்கும் முனையில், ஒட்டியிருக்கும் தொப்பி இலையில் 2 மி.மீ வெட்டினால் போதும். தோள் வளைவைத் தாண்டி வெட்டினால் மேல் இலை பிரிந்துவிடும். பற்ற வைக்கும் முன் வெறுமனே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், மேல் இலையின் சுவை அப்போதே கொஞ்சம் தெரியும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், வாசம் ஒட்டிக்கொள்ளும். கேஸ் லைட்டரோ நீளத் தீக்குச்சியோ போதும். தீயை முனையில் படவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டைத் திருப்பித் திருப்பி வாட்டி, ஓரம் முழுக்கக் கங்கு பிடித்த பிறகு இழுங்கள்.

புகையை வாயோடு நிறுத்தி வெளியே விடுங்கள். நிமிஷத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் வேண்டாம். சுருட்டை மூன்று பங்காக நினைத்துக்கொள்ளுங்கள்: முதல் பங்கில் சுவை திறக்கும், நடுப் பங்கில் நிலைக்கும், கடைசிப் பங்கில் காட்டம் ஏறும். கசந்தால், சூடானால், தலை கிறுகிறுத்தால் வைத்துவிடுங்கள். மிச்சம் வைப்பது தவறே இல்லை. நசுக்க வேண்டாம், தானே அணையும். கிறுகிறுப்பு வந்துவிட்டால் காற்றோட்டமாக உட்கார்ந்து சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். வாந்தி நிற்காவிட்டால், நெஞ்சு படபடத்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். சாதுவான சுருட்டுக்குப் பால் விட்ட ஃபில்டர் காப்பி நன்றாகப் பொருந்தும், கருப்பட்டிக் காப்பி மதூரோவோடு.

நம் வெயிலில் வைத்துக்கொள்வது

மேல்நாட்டுப் புத்தகங்கள் 70 சதவீத ஈரப்பதம் என்று சொல்லும். எனக்கு 65தான் ஒத்துவந்தது. காற்றுப் புகாத டப்பாவில் 65 என்று அச்சிட்ட ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த அறையில் வையுங்கள். சென்னை மே மாதத்தில் பெரிய பயம் வண்டுதான். இலையில் இருக்கும் அதன் முட்டை வெப்பம் கூடினால் பொரிந்துவிடும். வாங்கியதை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில், பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், அப்புறம் டப்பாவில் என்று வைத்தால் தப்பிக்கலாம். நேராக ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தால் மேல் இலை வெடித்துவிடும். ஃப்ரிட்ஜிலேயே நிரந்தரமாக வைப்பதும் ஆகாது. காய்ந்துபோகும், மீன் குழம்பு வாசமும் ஏறிக்கொள்ளும்.

டப்பாவுக்குள்ளேயே ஒரு சின்ன நோட்டு போட்டு வையுங்கள். நான் எழுதுவது இந்த மாதிரி: "ஹோயோ எபிக்கூர். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. காட்டம் ஐந்துக்கு 2. கனம் 3. முதல் பங்கு வைக்கோல், பால்கோவா. நடுவில் வேர்க்கடலைத் தோல். கடைசி இரண்டு விரற்கடை கசப்பு, வைத்துவிட்டேன்." பத்து வரி சேர்ந்ததும் அந்த நோட்டைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். "லைட்டா ஏதாவது" என்று கேட்பதற்குப் பதிலாக, காட்டம் 2, சுவை கடலையும் காப்பியும், மேல் இலை மதூரோ என்று கேளுங்கள். கடைக்காரர் வேறு தட்டிலிருந்து எடுப்பார்.